மூன்று இதயம் எதற்கு?

கேள்வி: 'ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று, ரத்தம் நீலம்' என்று போன இதழில் ஒரு துணுக்கு. பரீட்சைக்கும் உதவாது, பிழைப்புக்கும் உதவாது. இதற்கெல்லாம் ஏன் பக்கத்தை வீணடிக்கிறீர்கள்?

பதில்: துணுக்கைப் போட்டது தவறில்லை. ஒரு வரியோடு நிறுத்தியதுதான் தவறு. மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு உள்ள ஹீமோகுளோபின். ஆக்டோபஸின் ரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது செம்பு உள்ள ஹீமோசயனின். நீல நிறம் அதனால்தான். ஆனால் ஹீமோகுளோபின் அளவுக்கு அதனால் சுமக்க முடியாது. அப்படியானால் ரத்தத்தை வேகமாக அழுத்தித் தள்ளியாக வேண்டும். செவுளுக்கு ஒன்றாக இரண்டு இதயம், உடம்பு முழுக்க அனுப்ப இன்னொன்று. ஆக்டோபஸ் நீந்தும்போது இந்த மூன்றாவது இதயம் நின்றுவிடுகிறது! அதனால் சீக்கிரம் களைத்துப்போகும். முடிந்தவரை ஊர்ந்தே போகும். பார்த்தீர்களா, நிறத்தில் தொடங்கிய பேச்சு நடையில் வந்து நிற்கிறது.

சரி, பிழைப்புக்கு வருவோம். குதிரைலாட நண்டுக்கும் நீல ரத்தம்தான். பெயர்தான் நண்டு, சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கிய உறவு. ஃப்ரெடரிக் பேங் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதன் உடம்பில் ஒருவகை பாக்டீரியாவைச் செலுத்தினார். ரத்தம் அப்படியே உறைந்துபோனது. கொதிக்கவைத்துக் கொன்ற பாக்டீரியாவைச் செலுத்தியபோதும் அதேதான் நடந்தது. இதை அவர் எழுதி வெளியிட்டது 1956-இல். அன்று யாராவது "இதனால் என்ன பயன்?" என்று கேட்டிருந்தால் அவரிடமே பதில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஊசி மருந்தில் பாக்டீரியா செத்துக் கிடந்தாலும் அதன் நச்சு போகாது. போட்டுக்கொண்டவருக்குக் காய்ச்சல் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் முயலுக்கு ஊசி போட்டு, மணிக்கணக்கில் உடல்சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேங்கும் அவரோடு ஆராய்ச்சி செய்த ஜாக் லெவின் என்ற மருத்துவரும் நண்டு ரத்தத்தின் செல்களிலிருந்து எடுத்த சாறு அந்த வேலையைச் சுலபமாக்கியது. சின்னச் சோதனைக்குழாயில் மருந்தையும் சாற்றையும் கலந்து, ஒரு மணி நேரம் நம் உடம்புச் சூட்டில் வைப்பார்கள். அப்புறம் குழாயைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். கலவை வழிந்தால் மருந்து சுத்தம். கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த மருந்து வெளியே போகாது. 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை ஏற்றுக்கொண்டது. தடுப்பூசி முதல் சலைன் வரை இந்தச் சோதனை பரவியது.

எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. ரத்தம் எடுத்த நண்டுகளைக் கடலில் விட்டாலும் ஒரு பகுதி செத்துவிடுகின்றன. நல்லவேளை, அந்தச் செல்களில் நச்சை உணரும் புரதத்தை, நண்டின் மரபணுவைக் கொண்டு ஆய்வகத்திலேயே இப்போது தயாரிக்கிறார்கள்.

அடுத்த இதழிலும் துணுக்குகள் வரும். இந்தமுறை 'ஏன்' என்பதையும் சேர்த்தே போடுகிறோம்.