கொள்ளுப்பாட்டி பிறந்த ஊர்

அன்புள்ள ஐயா,

பழைய ஊர்ப் பதிவேடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் குடும்ப வரலாற்றைத் தேடி எழுதிவிடலாம் என்று இறங்கினேன். இறங்கிய இடத்திலேயே நிற்கிறேன்.

என் தாத்தா கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரப் பட்டறையில் வேலை பார்த்தவர். நிலம் கிடையாது, சொந்த வீடும் கிடையாது. அவருடைய பள்ளிச் சான்றிதழ் எங்களிடம் இருக்கிறது. அதில் பிறந்த தேதி 1-6-1912 என்று உள்ளது. அதை வைத்து கும்பகோணத்தில் இரண்டு முறை பிறப்புப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டேன். பொறுமையாகவே தேடிக் கொடுத்தார்கள். 1911, 1912, 1913 மூன்று வருஷத்திலும் இல்லை.

தாத்தாதான் வீட்டில் மூத்த பிள்ளை. அவருக்கு நாலு வயதாகும்போது அவருடைய அம்மா விஷக்காய்ச்சலில் போய்விட்டார். கொள்ளுத்தாத்தா மறுமணம் செய்துகொண்டார். அந்த முதல் கொள்ளுப்பாட்டியின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் என்பார்கள், அவ்வளவுதான். 'எம்டன் குண்டு போட்டப்ப நான் கைப்பிள்ளை' என்று தாத்தா அடிக்கடி சொல்வார். பழைய ஆட்களில் இப்போது மிஞ்சியிருப்பது என் அப்பாவின் மூத்த அக்கா மட்டும்தான். 86 வயது. கேட்டால் எதுவும் ஞாபகமில்லை என்கிறார். எல்லோருக்கும் அவர் பாப்பா அத்தை. வேறு பெயர் ஒன்று உண்டு என்பதே ஆதார் அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பத்திரம், பட்டா, வழக்கு எல்லாம் சொத்து இருந்தவர்களுக்குத்தானே? எங்களைப் போன்றவர்களின் முன்னோர் எங்கே பதிவாகியிருப்பார்கள்? இதைத் தொடர்வதில் பயன் உண்டா?

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தேவையான எல்லாம் அதிலேயே இருக்கிறது. நீங்கள் தேடிய வருஷமும் தவறு, ஊரும் தவறு என்று நினைக்கிறேன். அலுவலகத்தில் கிடைக்காததில் வியப்பில்லை.

முதலில் வருஷம். ஜூன் 1 என்ற தேதியைப் பழைய பள்ளிச் சான்றிதழில் பார்த்தால் நான் உடனே நம்புவதில்லை. பள்ளி திறக்கிற மாதத்தை ஒட்டி வாத்தியார் போட்ட தேதியாக இருக்கும். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தாயில்லாத பிள்ளையைச் சீக்கிரம் பள்ளியில் உட்காரவைக்க வேண்டும் என்று வீட்டில் நினைத்திருந்தால், ஒன்றிரண்டு வயதைக் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். ஆனால் தாத்தா தன் வாயால் சொன்ன தேதி ஒன்று உங்களிடம் இருக்கிறது. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. அன்றைக்குக் கைப்பிள்ளை என்றால் 1914-இல் பிறந்திருக்க வேண்டும். போனால் 1913-இன் கடைசி. 1912 ஜூன் என்றால் இரண்டே கால் வயது. ஓடித் திரிகிற பிள்ளையைக் கைப்பிள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் ஜாதகக் குறிப்பு எதுவும் இருந்தால் பாருங்கள். அதில் ஆனந்த வருஷம் என்று இருந்தால் 1914 சித்திரைக்கும் 1915 பங்குனிக்கும் இடையே. சான்றிதழையும் வாய்மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இந்த விஷயத்தில் நான் தாத்தாவின் பக்கம்தான் நிற்பேன்.

அடுத்தது ஊர். தாத்தா மூத்த பிள்ளை என்கிறீர்கள். தலைப்பிரசவம் எங்கே நடக்கும்? தாய்வீட்டில். கணிதமேதை இராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க அவரைக் கும்பகோணத்துக்காரர் என்றுதான் சொல்கிறது. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வளர்ந்த வீடு இன்னும் இருக்கிறது. அப்பா அங்கே ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். ஆனால் 1887 டிசம்பர் 22 அன்று இராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், அம்மாவைப் பெற்ற பாட்டியின் வீட்டில். கும்பகோணத்துப் பிறப்புப் பதிவேட்டில் அவரைத் தேடுகிறவருக்கு எப்படிக் கிடைப்பார்? பிறப்பை, அது நடந்த ஊரில்தான் பதிவார்கள்.

இதை நான் கற்றுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. நம் ஊர்ப் பதிவேடுகள் ஆண்களின் பெயரைக்கொண்டே எழுதப்பட்டவை. தகப்பன் பெயர், தகப்பன் தொழில், தகப்பன் ஜாதி. ஆனால் அந்தத் தகப்பனே எந்த ஊர்ப் பதிவேட்டில் இருப்பார் என்பதை அவருடைய தாயின் பிறந்தகம்தான் முடிவுசெய்கிறது. பாட்டிகளின் ஊர் தெரியாமல் தாத்தாக்களைக் கண்டுபிடிக்க முடியாது. நாம் எல்லோரும் தாத்தாவின் பெயரில் ஆரம்பித்து முட்டிக்கொண்டு நிற்கிறோம். நீங்கள் கொள்ளுப்பாட்டியிடமிருந்து ஆரம்பியுங்கள்.

பெயரே தெரியாதவரிடமிருந்து எப்படி ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். அவர் இறந்த காலம் தெரிகிறதே! 1914-இல் பிறந்த பிள்ளைக்கு நாலு வயது என்றால் 1918. அந்த வருஷத்து விஷக்காய்ச்சல் என்றால் அது உலகத்தையே உலுக்கிய இன்ஃபுளுயன்சா. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் அதில் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அது உச்சத்துக்குப் போனது அக்டோபர், நவம்பர் மாதங்களில். நம் கணக்கில் காளயுக்தி வருஷத்து ஐப்பசியை ஒட்டிய நாட்கள். அவர் வாழ்க்கைப்பட்ட ஊரிலேயே இறந்திருந்தால் கும்பகோணத்து இறப்புப் பதிவேட்டில் இருப்பார். 1866-லேயே நகராட்சியான ஊர் அது.

பிறப்புப் பதிவேட்டுக்கும் இறப்புப் பதிவேட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்தக் காலத்தில் பிறப்பைச் சொல்லப் போகும்போது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். 'ஆண்' என்று மட்டும் இருக்கும், பக்கத்தில் தகப்பன் பெயர். பின்னால் போய்ப் பெயரைச் சேர்த்தவர்கள் மிகக் குறைவு. எனவே தாத்தாவின் பெயரைச் சொல்லித் தேடினால், சரியான பக்கத்தைப் புரட்டினால்கூடக் கண்ணில் படாது. தகப்பன் பெயரைச் சொல்லுங்கள், தெருவைச் சொல்லுங்கள். இறந்தவருக்கோ பெயர் இருந்தாக வேண்டும். கொள்ளுப்பாட்டியின் பெயர், 'இன்னார் பெண்சாதி' என்ற குறிப்பு, வயது, காரணம் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கலாம். காரணம் என்ற இடத்தில் 'காய்ச்சல்' என்று மட்டும் இருந்தால் ஏமாற வேண்டாம். அன்றைக்கு வாந்திபேதி, அம்மை, பிளேக், பேதி என்று நாலைந்து பிரிவுகள்தான். மற்றதில் பெரும்பகுதி காய்ச்சலில் போய் விழுந்தது. நான் வேறொரு ஊரில் அந்த ஐப்பசி மாதத்துப் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண மாதத்தில் ஒரு தாளில் முடிகிற வரிகள் தாள் தாளாகப் போகின்றன. எழுதியவரின் கையெழுத்தே நடுவில் மாறிவிடுகிறது. அவருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்து மேலே படிக்க முடியாமல் மூடிவைத்துவிட்டு வெளியே வந்தேன்.

சரி, கொள்ளுப்பாட்டியின் கிராமம் தெரிந்த பிறகு என்ன செய்வது? கிராமங்களில் பிறப்பு இறப்பை எழுதியவர் உங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பட்டாமணியார். தலையாரி வந்து சொல்வார், பட்டாமணியார் எழுதுவார். 1980-இல் அந்தப் பரம்பரை உத்தியோகங்களை அரசு எடுத்துவிட்டது. இப்போது அந்த வேலை கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. ஆனால் பழைய பதிவேடுகளை அவரிடம் தேடாதீர்கள், அவை சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். அந்தக் கிராமம் 1914-இல் தஞ்சாவூர் ஜில்லா. மன்னார்குடி 1991-இல் நாகப்பட்டினத்தோடு போய், 1997-இல் திருவாரூர் மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. சார்பதிவாளர் எல்லைகளும் இப்படி அவ்வப்போது மாறியவைதான். போவதற்கு முன்பு, அந்தக் கிராமம் அந்தக் காலத்தில் எந்த அலுவலகத்துக்குக் கீழே இருந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும். கட்டு செல்லரித்துப் போயிருந்தால் வருத்தம்தான். மேலிடத்துக்கு அனுப்பிய வருஷ அறிக்கைகளில் எண்ணிக்கை மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சொத்து இல்லாதவர்கள் எங்கே பதிவாகியிருப்பார்கள் என்று கேட்டீர்களே, அது என்னையும் வெகுநாள் அரித்த கேள்வி. எங்கள் குடும்பத்துக்கும் காணி நிலம் கிடையாது.

பத்திரம் என்றால் விற்றவரும் வாங்கியவரும் மட்டும்தான் இருப்பார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு பத்திரத்திலும் நான்கெல்லை எழுதுவார்கள். இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் கொல்லைக்கு வடக்கு, தெருவுக்குத் தெற்கு என்று. பக்கத்தில் குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் அதில் வந்துவிடுவார்கள், குடிசையில் இருந்தாலும். அப்புறம் கீழே சாட்சிகள், பத்திரம் எழுதியவர். 1926-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்றில்தான் நான் என் கொள்ளுப்பாட்டியைப் பார்த்தேன். எங்கள் பத்திரம் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் விற்றது. 'இன்னார் பெண்சாதி விதவை இன்னார் குடியிருக்கும் கூரை வீட்டுக்கு மேற்கு' என்று ஒரு வரி. எங்கள் வீட்டில் யாருமே கேள்விப்படாத பெயர் அது. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். யாரோ ஒருவருடைய மனைக்குக் கிழக்கு எல்லையாக இருந்ததால் எழுத்தில் ஏறியிருக்கிறார். அந்த வரியைப் பார்த்துவிட்டு அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

எனவே உங்கள் கொள்ளுத்தாத்தா குடியிருந்த தெருவைக் கண்டுபிடியுங்கள். அதற்குத் தாத்தா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு உதவும். சான்றிதழில் இல்லாத பல விஷயங்கள் அதில் இருக்கும். தகப்பனோ காப்பாளரோ யார், என்ன தொழில், எங்கே குடியிருப்பு என்று. தெரு தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தத் தெரு வீடுகளின் பத்திரங்களைக் கேட்கலாம். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கு அங்கே இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆட்களின் பெயர்படி, இன்னொன்று சொத்தின்படி. அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதிவுசெய்த முதல் புத்தகத்தை, கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நமக்குச் சொந்தமான சொத்தாக இருக்க வேண்டியதில்லை. பிற்காலத்து வில்லங்கச் சான்று இணையத்திலேயே கிடைக்கிறது, ஆனால் உங்களுக்கு வேண்டியது அதற்கு வெகுகாலம் முந்தையது. நேரில்தான் போக வேண்டும். கும்பகோணத்தில் கோயில் அடிமனையில், அதாவது கோயிலுக்குச் சொந்தமான நிலத்தில், வீடு கட்டியிருந்தவர்களும் நிறைய. கோயில் அலுவலகத்தில் அடிமனை வாடகைக் கணக்கு பழையது இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

சொத்தே இல்லாதவர்களைப் பற்றிச் சில நேரம் மிக விரிவாகவும் எழுதியிருக்கிறார்கள். 1860-இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, ஜாதி, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை இருக்கின்றன. ஆளை அடையாளம் காண வேண்டுமே என்று எழுதியது. அதை வைத்துத்தான் இன்றைக்கு டர்பனிலிருந்து அவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே கிராமம் தேடி வருகிறார்கள்.

பழைய பத்திரங்களைப் படிப்பது பற்றி ஒரு வார்த்தை. தமிழ் எண்களும் குறிகளும் வரும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௸ மேற்படி. பசலி என்று போட்டிருந்தால், அது நிலவரிக் கணக்கு ஆண்டு, ஆங்கில வருஷத்துக்கு 590-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1324 என்பது 1914 ஜூலையில் தொடங்குகிறது. நாலு பத்திரம் படித்தால் பழகிவிடும்.

ஆனால் இதெல்லாம் அடுத்த மாதம் செய்யலாம். இந்த வாரமே நீங்கள் போக வேண்டிய இடம் உங்கள் அத்தையின் வீடு. ஞாபகமில்லை என்று அவர் சொன்னது, நீங்கள் பெயரும் தேதியும் கேட்டதால் இருக்கலாம். வேறு விதமாகக் கேளுங்கள். சின்ன வயதில் மன்னார்குடிப் பக்கம் எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனீர்கள், தாத்தாவுக்குத் தாய்மாமன் முறை செய்ய யார் வந்தார்கள், எந்த ரயிலடியில் இறங்கி நடந்தீர்கள் என்று கேளுங்கள். ஊர் தானாக வாயில் வரும்.

கடைசியாக ஒன்று, கடிதத்தை முதல்முறை படித்தபோதே எனக்குத் தோன்றியது. உங்கள் அத்தை தாத்தாவுக்கு மூத்த பெண். பிள்ளைகளுக்குப் பாட்டி, தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். பெயரன்தானே பேரன் ஆனது. நாலு வயதில் தாயைப் பறிகொடுத்த ஒருவர் தன் முதல் பெண்குழந்தைக்கு யார் பெயரை வைத்திருப்பார்? மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால், அப்படிப் பெயர் வைத்த பெண்ணை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். பல வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். நிச்சயம் என்று சொல்லவில்லை. ஆனால் அத்தையின் ஆதார் அட்டையில் இருக்கும் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அது யாருடைய பெயர் என்று அவரிடம் கேளுங்கள். பிறகு 1918-ஆம் வருஷத்து இறப்புப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடச் சொல்லுங்கள்.

என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.