வாக்குத்தத்த அட்டையும் மேற்பார்வையாளர் வேலையும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். நான் ராணிப்பேட்டையில் வசிக்கிறேன். ஷூ அப்பர் தைக்கும் சிறு யூனிட் ஒன்றை நண்பரோடு கூட்டாகத் தொடங்குவதற்காக, மனைவியின் நகையை அடகு வைத்து அவரிடம் பணம் கொடுத்திருந்தேன். அவர் பின்வாங்கிவிட்டார்; பணமும் திரும்பவில்லை. புத்தாண்டு இரவு ஆராதனையில், அந்த வருடத்துக்கான தேவ வாக்காக வேதவசனம் எழுதித் தரும் வாக்குத்தத்த அட்டையில், 'நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை' என்னும் எரேமியா 29:11 எனக்குக் கிடைத்ததால், இத்தொழில் கர்த்தருடைய சித்தம் என்றே நம்பியிருந்தேன். இப்போது ஆம்பூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலைக்கு அழைக்கிறார்கள். சபையாரோ, இதைவிடப் பெரியதைத் தேவன் வைத்திருக்கிறார், காத்திருங்கள் என்கிறார்கள். வேலையை ஏற்றுக்கொண்டால் வாக்குத்தத்தத்தை நானே கைவிட்டதாக ஆகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். அது அவிசுவாசம் ஆகாது. உங்கள் அட்டையில் இருந்த வசனத்தைச் சுற்றியுள்ள வசனங்களே அப்படித்தான் சொல்கின்றன.

எரேமியாவின் 29ஆம் அதிகாரம், பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். நிலம், வீடு, ஆலயம் என்று தங்கள் வாழ்வைக் கட்டியிருந்த அனைத்தையும் இழந்தவர்கள் அவர்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டே வருடங்களில் எல்லாம் திரும்பிவிடும் என்று முழங்குகிறான். கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிய 11ஆம் வசனத்துக்குச் சற்று முன்னே, 10ஆம் வசனத்தில், எழுபது வருடம் என்று கணக்கு வந்துவிடுகிறது. (அட்டையில் அதற்கு இடமிருப்பதில்லை.) அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட நடுவயதினரில் பெரும்பாலோர் ஊர் திரும்பும் நாளைக் கண்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்குத்தான் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று கட்டளை வருகிறது. உங்கள் சபையார் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆயினும் 'பெரியது வரும், காத்திருங்கள்' என்பதில் எரேமியாவின் குரலைவிட அனனியாவின் குரலே எனக்கு அதிகம் கேட்கிறது.

தேவனுடைய சர்வ ஆளுகையை நம்புவது என்பது, நடந்தது ஏன் நடந்தது என்று உடனே விளக்கம் சொல்லிவிடுவது அல்ல. சகோதரரால் விற்கப்பட்டு எகிப்தில் அடிமையாகிச் சிறையும் கண்ட யோசேப்பு, பிற்பாடு அந்தச் சகோதரரிடம், "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணியதைச் சொல்கிறான். அதுவும் தகப்பன் இறந்து அடக்கமான பிறகு, வெகுகாலம் கழித்து. சிறையில் இருந்தபோது அவன் அப்படி எதுவும் பேசவில்லை. தன்னைக் குறித்துப் பார்வோனிடம் சொல்லி விடுதலையாக்க வேண்டும் என்று, தன்னோடு சிறையிலிருந்த பார்வோனின் பானபாத்திரக்காரனைக் கேட்டுக்கொண்டான், சிறையின் பொறுப்புகளையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டான்.

நம் ஊரில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) நிறுவிய ஐடா ஸ்கடரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். எனக்கு நினைவு வருகிறவர் மருத்துவர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி.யில் படித்து அங்கேயே பணியாற்றிய அவர், 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறையை இங்கே வளர்த்தார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது; முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் இன்றும் அங்கே வருகிறார்கள். இதற்காகத்தான் விபத்து நடந்தது என்று நான் சொல்லத் துணியமாட்டேன். 1954இல் அவருடைய கட்டிலருகே நின்று அப்படிச் சொல்லியிருந்தால் அது கொடுமை. அவருடைய கால்களும் கடைசிவரை திரும்பவில்லை. அந்நாளில் செய்ய முடிந்த சிகிச்சையை அவர் அந்நாளில் செய்தார் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

உங்கள் நண்பரைக் குறித்து நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. 'எல்லாம் தேவசித்தம்' என்று விட்டுவிட்டீர்களோ என்று ஐயுறுகிறேன். அப்படி விட வேண்டாம். மன்னிப்பதும் கொடுத்த பணத்தைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. வங்கி வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு முதலில் அவரிடம் நேரில் பேசுங்கள். அவர் மறுத்தால் வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆம்பூர்ச் சம்பளம் வரத் தொடங்கியதும் முதலில் நகையின் வட்டியைக் கட்டிவிடுங்கள்.