பென் ட்ரைவைப் பிடுங்கலாமா?

கேள்வி: வின்டோஸ் 10இல் பென் ட்ரைவை 'எஜெக்ட்' (பாதுகாப்பாகக் கழற்றும் கட்டளை) கொடுக்காமல் அப்படியே இழுத்தெடுக்கலாமாமே? (கொக்குவில்)

பதில்: இந்த அரைகுறைச் செய்திக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. 2018இல் வந்த 1809 பதிப்பில் மாறியது ஒன்றுதான். எழுதவேண்டிய தரவை நினைவகத்தில் தேக்கி வைத்து ஆறுதலாக எழுதும் வழக்கத்தை, வெளியே செருகும் கருவிகளுக்கு வின்டோஸ் நிறுத்திக்கொண்டது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கலாம் என்று யார் சொன்னது? வேகம் கூடட்டும் என்று யாராவது அந்த அமைப்பை மாற்றி வைத்திருந்தால் பழைய கதைதான். மக், லினக்ஸ் கணினிகள் இன்றும் தேக்கி வைத்துத்தான் எழுதுகின்றன. போட்டோகொப்பிக் கடைக் கணினியில் என்ன அமைப்பு என்று உங்களுக்குத் தெரியுமா? அதைவிட, 64 ஜிபிக்கு மேற்பட்ட பென் ட்ரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறையில் இருக்கும். அதில், வின்டோஸின் உள் டிஸ்க்குகளில் இருக்கும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை போல மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு கிடையாது. பாதியில் பிடுங்கினால் கோப்புப் பட்டியலே குழம்பலாம். 'எஜெக்ட்' அழுத்த இரண்டு விநாடி போதும். அப்புறம், அந்தக் கோப்புகளின் இரண்டாவது கொப்பியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கேள்வி: எஜெக்ட் கொடுத்தால் 'பாவனையில் உள்ளது' என்கிறது. (சுன்னாகம்)

பதில்: திறந்திருக்கும் வேர்ட், வீடியோ எல்லாவற்றையும் மூடுங்கள். வைரஸ் காட் ஸ்கேன் பண்ணுகிறதா என்றும் பாருங்கள். ஈவென்ட் வியூவரில் (வின்டோஸ் நடப்பதைக் குறித்துவைக்கும் இடம்) கேர்னல்-பிஎன்பி 225 என்ற பதிவு இருந்தால், எந்தப் புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது என்று அதிலேயே இருக்கும். அதுவும் சரிவராவிட்டால் கணினியை முழுதாக நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். ஸ்லீப் போதாது.

கேள்வி: கொப்பி பண்ணும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது டிஸ்க் 'ஃபோர்மட்' கேட்கிறது. கல்யாண வீடியோ அதில்தான். (சாவகச்சேரி)

பதில்: 'வேண்டாம்' என்று கொடுங்கள். டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க்கையும் இப்போது ஓட்டாதீர்கள். முதலில் மீட்பு மென்பொருளால் உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். 'டிக் டிக்' சத்தம் வந்தால் உடனே கழற்றித் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீடியோக்காரரிடம் மூலம் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இரண்டாவது கொப்பி!

கேள்வி: என் டிஸ்க் வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்? (மானிப்பாய்)

பதில்: எந்த டிஸ்க், எந்தக் கணினி, திரையில் என்ன வந்தது? மூன்றையும் எழுதிவிட்டுக் கேளுங்கள். எனக்குச் சாத்திரம் தெரியாது.

கேள்வி: எஜெக்ட் ஆன பிறகும் ஹாட் டிஸ்க் சுற்றுகிறது. எடுக்கலாமா? (பருத்தித்துறை)

பதில்: கேபிளைக் கழற்றலாம். ஆனால் டிஸ்க்கைத் தூக்கப் பத்து விநாடியாவது பொறுங்கள்.

கேள்வி: போனை கேபிளில் போட்டால் எஜெக்டே காட்டுவதில்லையே? (நல்லூர்)

பதில்: தேவையில்லை. போனும் கணினியும் கோப்புகளைப் பரிமாறும் எம்டிபி முறையில் சேமிப்பகத்தைக் கையாள்வது போன்தான். கொப்பி முடிந்ததும் கழற்றுங்கள்.