லொகின் செய்த பிறகு, கேட்ட பக்கத்துக்கே பாவனையாளரைக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி இதுதான்: உள்பக்கம் ஒன்றின் இணைப்பை அழுத்தினால் லொகின் பக்கம் வருகிறது. லொகின் செய்ததும் முகப்பில் போய் நிற்கிறது. கேட்ட பக்கத்துக்கே அனுப்ப என்ன செய்யலாம்?

நான் கிளிநொச்சியில் கமக்கார அமைப்புகள் பாவிக்கிற ஒரு வெப் அப்பைப் பார்த்துக்கொள்கிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ், வறண்ட காலப் போகமான சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் கிடைக்காது. குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். முடிவானதும் செயலாளர் தங்கள் வாய்க்காலின் பங்கீட்டுப் பக்கத்தை வட்ஸ்அப் குழுவில் போடுவார். அதை அழுத்துகிறவருக்கு வேண்டியது அந்த ஒரு பக்கம் மட்டும்தான். முகப்பில் கொண்டுபோய் விட்டால் அவர் மெனுவுக்குள் தேடிக்கொண்டிருக்க மாட்டார். "தம்பி, நீங்கள் அனுப்பினதை அமத்தினால் வேற என்னவோ வருது" என்று கோல் எடுப்பார். அவர் சொல்வது முழுக்கச் சரி. ஆகவே இதைச் சின்ன வசதி என்று பின்னுக்குத் தள்ளாதீர்கள்.

லொகின் இல்லாமல் ஒருவர் உள்பக்கம் கேட்டால், அந்த முகவரியின் பாதையையும் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதையும் எங்காவது வைத்துக்கொண்டு அவரை லொகின் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். வைப்பதற்கு இரண்டு இடம் உண்டு. பிஎச்பி ஃபிரேம்வேர்க்கான லாராவெல் அதைச் செஷனில், அதாவது ஒவ்வொரு பாவனையாளருக்கும் சர்வர் வைத்திருக்கிற தற்காலிகக் குறிப்பில், வைக்கும். பிறகு 'இன்டென்டெட்' என்ற ஃபங்ஷன் அதை எடுத்துக் கொடுக்கும். பைதன் ஃபிரேம்வேர்க்கான ஜாங்கோ, லொகின் முகவரியிலேயே 'நெக்ஸ்ட்' என்று ஒட்டிவிடும். செஷனில் இருப்பதை வெளியாள் தொட முடியாது, ஆனால் இரண்டு டேப் திறந்தால் பிந்தியது முந்தியதை அழித்துவிடும். முகவரியில் ஒட்டினால் டேப்புக்கு ஒன்று இருக்கும், ஆனால் யாரும் தான் விரும்பியதை அதில் எழுதலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அந்த முகவரி எங்கள் தளத்தினதுதானா என்ற சோதனையைச் சரியாகச் செய்வதானால்.

பெரும்பாலும் இது தொலைந்துபோவது லொகின் ஃபோமில்தான். முகவரியில் 'நெக்ஸ்ட்' வந்திருக்கும். ஃபோமை அனுப்பும்போது அது கூடப் போகாது. மறைவான ஒரு இன்புட்டில் அதை வையுங்கள். பாஸ்வேர்ட் பிழைத்து அதே பக்கம் திரும்ப வரும்போதும் அது இருக்க வேண்டும். 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா', 'புதிதாகப் பதிய' என்ற இணைப்புகளிலும் அதைச் சேர்த்து அனுப்புங்கள். புதிதாகப் பதிகிறவர்தான் வழி தவறினால் திரும்பி வராதவர்.

இனிப் பாதுகாப்பு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வந்த முகவரிக்கு அப்படியே ரீடைரெக்ட் செய்தால் (ஆளைத் திருப்பி அனுப்பினால்) அது ஓப்பன் ரீடைரெக்ட் என்ற ஓட்டை, மென்பொருள் பலவீனங்களைத் தொகுத்த சி.டபிள்யூ.ஈ. பட்டியலில் 601ஆம் இலக்கம். உங்கள் உண்மையான டொமைனில் தொடங்கும் இணைப்பை ஒருவன் குழுவில் போடுவான். ஆட்களும் நம்பி லொகின் செய்வார்கள். அடுத்த கணம் உங்கள் தளம் போலவே செய்த அவனுடைய பக்கத்தில் 'பாஸ்வேர்ட் பிழை, திரும்ப அடிக்கவும்' என்று வரும். செயலாளர் அனுப்பியது என்று நம்பி அழுத்துகிற ஊரில் இது நடக்க விடலாமா?

'/' என்று தொடங்குகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. '//' என்று தொடங்கினால் பிரவுசர் அதை வேறு டொமைன் என்று எடுக்கும். '/\' என்றாலும் அப்படித்தான், ஏனென்றால் அந்தச் சாய்கோட்டையும் பிரவுசர் '/' என்றே வாசிக்கும். இதற்காக நீங்களே ரெகெக்ஸ் (எழுத்து வரிசையைச் சோதிக்கும் சூத்திரம்) எழுத வேண்டாம். ஜாங்கோவில் 'யூஆர்எல் ஹாஸ் அலவ்ட் ஹோஸ்ட் அண்ட் ஸ்கீம்' இருக்கிறது (3.0க்கு முன் 'இஸ் சேஃப் யூஆர்எல்' என்று இருந்தது), ஏ.எஸ்.பி. டொட் நெட் கோரில் 'லோக்கல் ரீடைரெக்ட்' இருக்கிறது. சோதனையில் தவறினால் பேசாமல் முகப்புக்கு அனுப்புங்கள்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். பக்கத்தைக் கேட்கும் கெட் கோரிக்கையின் முகவரியை மட்டும் சேமித்து வையுங்கள். தரவை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையை வைத்தால் ரீடைரெக்டில் அது கெட்டாக மாறி 405 (இந்த முறைக்கு அனுமதி இல்லை) பிழையில் போய் முடியலாம். பின்னணியில் தரவு கேட்டு ஓடும் ஏபிஐ அழைப்புக்கு ரீடைரெக்ட் அனுப்பாமல் 401 (லொகின் தேவை) கொடுங்கள், இல்லாவிட்டால் ஜேசன் வடிவில் தரவு வர வேண்டிய இடத்தில் லொகின் பக்கத்தின் எச்டிஎம்எல் வந்து நிற்கும். '#'க்குப் பின்னால் இருப்பது சர்வருக்கு வரவே வராது. அது வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட்டில்தான் எடுக்க வேண்டும். லொகின், லொக்அவுட் பக்கங்களின் முகவரியைத் திரும்பிப்போகும் இடமாகச் சேமிக்காதீர்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கம் ஒரு ஃபோனை வீட்டில் இரண்டு மூன்று பேர் பாவிப்பார்கள். தகப்பன் கேட்ட பக்கத்தின் முகவரி இருக்க, மகன் தன் கணக்கில் லொகின் செய்வான். அதனால் போய்ச் சேரும் பக்கம் தன் அனுமதிச் சோதனையைத் தானே செய்ய வேண்டும். செஷனில் வைத்திருந்தால், ஒருமுறை எடுத்ததும் அழித்துவிடுங்கள்.

செய்து முடித்ததும் கணினியில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். ஃபோனில் லொக்அவுட் செய்து, வட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அழுத்தி, வேண்டுமென்றே ஒருமுறை பாஸ்வேர்டைப் பிழையாக அடித்து, பிறகு சரியாக அடித்துப் பாருங்கள்.