‘நமனை அஞ்சோம்’ என்று சொல்ல வராதபோது

கேள்வி: எனக்கு வயது 71. ஒரு வருடமாக இரவில் சாவைப் பற்றிய நினைப்பு வந்து தூக்கம் கெடுகிறது. தேவாரம், திருப்புகழ், பட்டினத்தார் எல்லாம் சிறு வயதிலிருந்தே பழக்கம். ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’ என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன். பயம் போகவில்லை. என் பக்தியில் குறையா? அமைதி தரும் பாடல் எது? வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

பதில்: பக்தியில் குறை என்று யார் சொன்னது? அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். நீங்கள் பாட்டை மாத்திரை போல எடுத்துக்கொள்கிறீர்கள். பிசகு அங்கேதான்.

அப்பர் அந்தப் பதிகத்தை எப்போது பாடினார்? பல்லவ மன்னன் தன் அமைச்சர்களை அனுப்பி அழைத்தபோது, வர முடியாது என்று மறுத்துப் பாடியது என்கிறார் சேக்கிழார். அதிகாரத்தின் முகத்துக்கு நேராகச் சொன்ன சொல் அது. அதிலும் ‘அஞ்சேன்’ என்று அவர் பாடவில்லை, ‘அஞ்சோம்’ என்றுதான் பாடினார். அடியார் கூட்டத்தோடு நின்று சொன்னதை, நீங்கள் நடுராத்திரியில் தனியாகப் படுத்துக்கொண்டு சொல்கிறீர்கள். நெஞ்சில் ஒட்டாததில் வியப்பில்லை.

உங்களுக்கு வேண்டியவர் பெரியாழ்வார். அரங்கனிடம் அவர் வீரம் பேசவில்லை. ‘எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன்’ என்று ஒப்புக்கொள்கிறார். எய்ப்பு என்றால் இளைப்பு, தளர்ச்சி. உடம்பு தளர்ந்து உயிர் ஊசலாடும் நேரத்தில் உன் நினைப்பு எனக்கு வராது என்று ஓர் ஆழ்வாரே சொல்கிறார்! அடுத்த அடி: ‘அப்போதைக்கு இப்போதே சொல்லிவைத்தேன்.’ கடைசி நிமிடத்தில் தைரியமாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை அவர் இறக்கி வைத்துவிட்டார். அடுத்த பாசுரத்தில் ‘சாமிடத்து என்னைக் குறிக்கொள் கண்டாய்’ என்கிறார். சாகும்போது என்னை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது உன் வேலை என்று பொறுப்பையே மாற்றிவிடுகிறார். பயம் இருக்கிறவர் பாடக்கூடிய பாட்டு இது. இதைப் பாட, பயம் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, திருப்புகழ் பழக்கம் என்கிறீர்கள். ‘தொந்தி சரிய மயிரே வெளிற’ பாட்டை வாய்விட்டுப் பாடியிருக்கிறீர்களா? வயிறு சரிகிறது, முடி நரைக்கிறது, பல் ஆடுகிறது, முதுகு வளைகிறது, இருமல் கிண்கிண் என்கிறது, பேச்சு குழறுகிறது, கண்ணும் காதும் போகின்றன. அருணகிரிநாதர் எதையும் மறைக்கவில்லை, மலம் ஒழுகுவது உட்பட. ஆனால் சந்தம் துள்ளுகிறது! ராத்திரியில் நீங்கள் நினைக்கப் பயப்படுகிற அத்தனையும் நாக்கில் தாளமாக உருண்டு போகிறது. அப்புறம் நடப்பதுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்க வைப்பது. ‘உயிர் மங்கு பொழுது கடிதே மயிலின்மிசை வரவேணும்’ என்று முருகனை அழைத்து முடித்த கையோடு, பாட்டு ஒரு தாயின் குரலுக்குத் தாவுகிறது. கோசலை குழந்தை ராமனைக் கூப்பிடுகிறாள்: ‘எந்தை வருக, ரகுநாயக வருக, மைந்த வருக, மகனே இனி வருக’... பால் குடிக்க வா, பூச்சூட வா என்று பத்து ‘வருக’. கிழவனின் மரணப் படுக்கையில் தொடங்கிய பாட்டுக்குள் ஒரு கைக்குழந்தை தவழ்ந்து வருகிறது. இதற்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. பாடிப் பாருங்கள்.

பட்டினத்தாரை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உடம்பை இழித்துப் பேசும் பாடல்கள் உடம்பு முறுக்கோடு இருக்கிறவர்களுக்கான எச்சரிக்கை. மூட்டு வலியோடு படிக்கிறவருக்கு அவை வேறு மாதிரி கேட்கும். படித்தே ஆக வேண்டும் என்றால், தாய்க்குக் கொள்ளி வைத்தபோது பாடிய ‘வட்டிலிலும் தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும்’ வெண்பாவைப் படியுங்கள். உடம்பு பொய் என்றவர், தன்னைத் தூக்கி வளர்த்த ஓர் உடம்புக்காகக் கதறி அழுகிறார்.

இன்னும் ஒன்று, இது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். தூக்கம் ஒரு வருடமாகக் கெடுகிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பாட்டின் வேலை இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முகம் தெரியாத எனக்கு எழுத முடிந்தது உங்களோடு இருப்பவர்களிடம் ஏன் முடியவில்லை? படுக்கையில் விழுந்தால் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், என்ன சிகிச்சை வேண்டாம், கடைசியில் யார் பக்கத்தில் இருக்க வேண்டும், எந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்பதையெல்லாம் இந்த வாரமே அவர்களை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். பெரியாழ்வார் சொன்ன மாதிரி, அப்போதைக்கு இப்போதே.