ஆடிட்டர் அலுவலகக் கோடைப் பயிற்சி: விலகுவது குறித்து

வணக்கம். மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கோடைப் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று வாரமாகியும் வவுச்சர்களை, அதாவது பணம் கொடுத்ததற்கான சான்றுச் சீட்டுகளை, சரிபார்ப்பதைத் தவிர வேறு வேலை தரவில்லை, ஆடிட்டர் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை, விலகிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விலக வேண்டாம் என்பதே என் கருத்து.

நானும் பி.காம். படித்தபோது, கீழ மாசி வீதி மொத்த வியாபாரி ஒருவரின் வவுச்சர் கட்டுகளோடுதான் ஒரு மே மாதத்தைக் கழித்தேன். தாளிலேயே ஏறியிருந்த மிளகாய் வற்றல் நெடியில் தும்மிக்கொண்டே புரட்டினேன். ஒரே தேதியில் ஒரே தரகருக்கு 9,500 ரூபாயும் 8,000 ரூபாயுமாக இருந்த இரண்டு ரொக்க வவுச்சர்களையும் தனித்தனியே பார்த்து டிக் அடித்துவிட்டேன். ஒருவருக்கு ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்த மொத்தம் 10,000 ரூபாயைத் தாண்டினால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்பது, சீனியர் அவ்விரு தாள்களையும் அருகருகே வைத்துக் காட்டிய பிறகே எனக்கு உறைத்தது. இத்தனைக்கும் அது தேர்வில் நான் எழுதிய விதிதான்.

ஆடிட்டரின் மௌனத்தைப் பெரிதுபடுத்தாதீர்கள். மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வோருக்கு, கொள்முதலில் கட்டிய வரியில் எதைக் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் 2பி அறிக்கை 14ஆம் தேதி வரும். மாத வரிக் கணக்கான 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். இடைப்பட்ட அந்த நாட்களில் அவருக்குப் பேச நேரம் இருக்காது. அது முடிந்ததும், உங்களுக்கு ஐயம் எழுந்த வவுச்சர்களின் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போய்க் காட்டி, கணக்குப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டு வேறுபாட்டை விளக்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் ஒன்றைத் தயாரித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள்.