யூஎஸ்பி கருவியைப் பிணையத்தில் பகிர்தல்: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, கொலுசுக் கடை): எடை மேசைக்கு ஒரு கணினி, கணக்கு மேசைக்கு ஒரு கணினி, பில் பிரிண்டரோ ஒன்றுதான். வயரை மாற்றி மாற்றிச் செருகுகிறோம். வேறு வழி உண்டா, ஐயா?

பதில்: உண்டு. ஆனால் யூஎஸ்பி இணைப்பைப் பகிராதீர்கள், பிரிண்டரைப் பகிருங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. இணைப்பைப் பகிர்ந்தால் ஒரு நேரத்தில் ஒரு கணினிதான் கருவியைப் பிடித்திருக்க முடியும். பிரிண்டரைப் பகிர்ந்தால் இரு மேசைகளின் பில்களும் வரிசையில் நின்று அச்சாகும்.

கேள்வி (அம்மாபேட்டை): சேலை டிசைன் போடும் மென்பொருளுக்கு ஒரே ஒரு டாங்கிள் (உரிமத்துக்குச் சான்றான யூஎஸ்பி சாவி) தந்திருக்கிறார்கள். அதையும் அப்படிப் பகிரலாமா?

பதில்: டாங்கிளுக்கு இணைப்பையேதான் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கென உள்ள யூஎஸ்பி/ஐபி முறையில், கருவிக்குப் போகும் கோரிக்கைகள் டிசிபி பொட்டலங்களாக (பிணையத்தில் செல்லும் தரவுத் துண்டுகளாக) 3240 என்ற போர்ட் (பிணைய வாசல்) வழியே பயணிக்கின்றன. மறுமுனையில் மென்பொருளால் ஆன ஒரு மெய்நிகர் யூஎஸ்பி கட்டுப்படுத்தி அவற்றைப் பெறுவதால், டாங்கிள் தன்னிடமே செருகப்பட்டிருப்பதாக அந்தக் கணினி கொள்கிறது. ஆகவே டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் மென்பொருளை, நிறுவ வேண்டிய இடம் பயன்படுத்தும் கணினியே. ஜப்பானின் தகாஹிரோ ஹிரோஃபுச்சி உருவாக்கிய இம்முறை லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே உள்ளது. முதலில் உரிம ஒப்பந்தத்தைப் படியுங்கள். பிணையப் பயன்பாட்டை அது தடுத்திருந்தால், நுட்பம் இடம் கொடுத்தாலும் செய்யக் கூடாது.

கேள்வி (ஐந்து ரோடு, தணிக்கை அலுவலகம்): வாடிக்கையாளர்களின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களை (கையொப்பச் சாவி உள்ள யூஎஸ்பி கருவிகளை) அலுவலகத்தில் செருகிவைத்து, ரவுட்டரில் 3240-ஐத் திறந்து, வீட்டிலிருந்து பயன்படுத்த எண்ணுகிறோம்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். யூஎஸ்பி/ஐபியில் பிறர் படிக்க முடியாதபடி தரவை மாற்றும் மறையாக்கமும் இல்லை, வருபவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடும் இல்லை. இணையத்தில் திறந்துவிட்ட போர்ட்டை யார் வேண்டுமானாலும் தட்டலாம். அதைவிடப் பெரியது, கையொப்பம் மற்றொருவருடையது என்பது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 42ஆம் பிரிவு, தனிச் சாவியை (கையொப்பமிட உதவும் ரகசியச் சாவியை) தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பைச் சான்றிதழ் பெற்றவரிடமே வைக்கிறது. தம் சொந்த டோக்கனை ஒருவர் தொலைவிலிருந்து பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால், வயர்கார்டு போன்ற விபிஎன்னுக்குள் (மறையாக்கப்பட்ட தனி இணைப்புக்குள்) மட்டும் செய்யட்டும். பின் எண்ணை ஊழியரிடம் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி (ஏற்காடு, காப்பித் தோட்டம்): களத்தில் உள்ள வெப்கேமராவை வைஃபை வழியே அலுவலகக் கணினியில் இணைத்தால் படம் விட்டுவிட்டு வருகிறது.

பதில்: 640×480 அளவுப் படம் சுருக்கப்படாமல் நொடிக்கு 30 முறை வந்தால், அதுவே நொடிக்கு ஏறத்தாழ 147 மெகாபிட். மேலும் கேமராத் தரவு காலம் தவறாமல் வந்தாக வேண்டியது. தாமதித்த பொட்டலத்தால் பயனில்லை. களத்திலேயே படத்தைச் சுருக்கி, நேரே பிணையத்தில் அனுப்பும் ஐபி கேமராவை வாங்குங்கள். தூரம் 100 மீட்டரைத் தாண்டினால் செப்புக் கம்பிக்குப் பதில் ஃபைபர் இழுங்கள். மலையில் இடி இறங்கும்போது கட்டடங்களுக்கு இடையே ஓடும் செப்புக் கம்பி மின்னெழுச்சியை இரு முனைக் கருவிகளுக்கும் கொண்டுசேர்க்கும்.

கேள்வி (ஆத்தூர்): பென்டிரைவ்?

பதில்: ஃபோல்டரைப் பகிர்ந்தால் போதும். யூஎஸ்பி/ஐபியில் இணைத்து, எழுதும்போது பிணையம் அறுந்தால் கோப்புகள் கெட்டுப்போகும்.